அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் கனவும் வாழ்வும்: உளப்பகுப்பாய்வுக் கனவு விளக்கத்தின் மெய்யியல் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (ஆட்சி 1422–1463). இறைவன் கனவில் தோன்றிப் பணித்ததன் பேரிலேயே அவன் அக்கோயிலை எழுப்பினான் என்பது மரபு. அம்மன்னனின் வாழ்க்கையைக் கால வரிசையில் எடுத்துரைக்கும் இக்கட்டுரை, அக்கனவை ஃபிராய்டின் முறையில் விளக்க முடியுமா, முடியுமெனில் எதுவரை என்னும் வினாவை ஆராய்கிறது. உளப்பகுப்பாய்வின் மீது மெய்யியலார் எழுப்பிய தடைகளும், கிரீந்திரசேகர் போஸின் எதிர்விழைவுக் கோட்பாடும், சைவ சித்தாந்தத்தின் கனவுக் கொள்கையும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. கனவுக் கதையைவிட மன்னனின் பெயரால் கல்லில் நிற்கும் பாடல்களே அவன் உள்ளத்தை அறிதற்குரிய உறுதியான சான்று என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பராக்கிரம பாண்டியன், தென்காசி, கனவு, உளப்பகுப்பாய்வு, ஃபிராய்டு, கிரீந்திரசேகர் போஸ், சைவ சித்தாந்தம்.

1. முன்னுரை

தமிழிலக்கியக் கனவுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திருக்குறளின் கனவுநிலை உரைத்தல், சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதை, ஆண்டாளின் திருமணக் கனவு ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. இவை கவிஞர் படைத்த கனவுகள். வரலாற்று மாந்தர் ஒருவர் கண்டதாகச் சொல்லப்பட்டு, ஓர் ஊரின் அமைப்பையே மாற்றிய கனவுகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. தென்காசிக் கோயிலின் தோற்றத்தோடு இணைந்த பராக்கிரம பாண்டியனின் கனவு அத்தகையது.

இக்கனவுக்கு உளப்பகுப்பாய்வு விளக்கம் தருவது கடினமன்று. எளிதாக இருப்பதே இங்குள்ள இடர்ப்பாடு. இழப்பு, விழைவு, இடப்பெயர்ச்சி என்னும் கலைச்சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கனவையும் எளிதில் பொருள்கொள்ளச் செய்யலாம். அவ்வாறு பெறப்படும் பொருள் அம்மன்னனுக்கு உரியதா, ஆய்வாளருக்கு உரியதா என்பது தீர்க்கப்பட வேண்டிய வினா. அதற்கு விடை காண, முதலில் அவன் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

2. மதுரையை இழந்த மரபு

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் ஆகிய உடன்பிறந்தாரிடையே எழுந்த அரியணைப் போர் பாண்டியப் பேரரசை உள்ளிருந்தே தளர்த்தியது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு மதுரையைத் தாக்கியது. ஏறத்தாழ 1335-இல் மதுரையில் சுல்தானியர் தனியாட்சி நிறுவினர். அக்காலத்தில் மதுரைக் கோயிலின் கருவறை நாற்பத்தெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்ததாக மதுரைத் தல மரபு கூறும். பின்னர் விசயநகர இளவரசன் குமார கம்பணன் சுல்தானியரை வென்றபோதும் மதுரை பாண்டியரின் கைக்கு முழுமையாக மீளவில்லை. அவர்கள் தெற்கே நகர்ந்து பொருநை பாயும் நெல்லைப் பகுதியில் நிலைகொண்டனர்.

இவ்வாறு நகர்ந்த மரபில் தோன்றியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். அவன் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே மதுரை கைவிட்டுப் போயிருந்தது. ஆதலின் மதுரை இழப்பு அவன் நேரிற் கண்ட நிகழ்வு அன்று. குலத்தின் நினைவாக அவனிடம் வந்தடைந்த செய்தி. ஆயினும் பழம்பெருமையைச் சுட்டும் பெயர்களை அவன் விடவில்லை. தென்காசிப் பாடல்களில் கைதவன், கொற்கை வேந்தன், மானகவசன் என்னும் பெயர்களால் அவன் சுட்டப்பெறுகிறான். ஆளும் நிலம் சுருங்கியபின்னும் கொற்கையின் பெயர் அவனோடு நின்றது.

3. ஆட்சியும் போர்களும்

1422-இல் ஆட்சிக்கு வந்த பராக்கிரமன் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டான். சங்கரன்கோயில், திருக்குற்றாலம் முதலிய இடங்களில் பகைவரை வென்றவனாக அவன் மெய்க்கீர்த்தி அவனைப் புகழ்கிறது. மெய்க்கீர்த்தியின் இயல்பு கருதி அதன் மிகையைக் கழித்துப் பார்த்தாலும், போர் நிகழ்ந்த இடங்களின் பட்டியல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. முற்காலப் பாண்டியரின் வெற்றிப் பட்டியல்கள் சோழநாடு, ஈழம், நெல்லூர் என விரிந்தன. இவனுடைய போர்கள் தன் இருக்கையைச் சூழ்ந்த சில காவதங்களுக்குள் நடந்தன. திருக்குற்றாலம் தென்காசிக்கு மேற்கே, கூப்பிடு தொலைவு எனத்தகும் அண்மையில் உள்ளது. சேரநாட்டை நோக்கிய மலைவழிகளைக் காக்க வேண்டிய நெருக்கடி அவனுக்கு இருந்ததை இதனால் உணரலாம்.

குற்றாலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது கூத்தப்பிரானின் ஐந்து அவைகளுள் சித்திர அவை அமைந்த தலம். அம்மலையில் தோன்றும் சிற்றாறு கீழிறங்கித் தென்காசியைத் தொட்டுச் செல்கிறது. அவ்வாற்றின் வடகரையில்தான் மன்னன் தன் கோயிலை எழுப்பினான். போர்க்களமாகவும் திருத்தலமாகவும் விளங்கிய மலையடிவாரத்தையே அவன் தன் நிலையான இடமாகத் தேர்ந்தான் என்பது கருதத்தக்கது.

4. கனவும் கோயிலும்

கனவைப் பற்றிய மரபு பல வடிவங்களில் வழங்குகிறது. வடகாசியில் தன் கோயில் சிதைந்ததென்றும், தென்னாட்டில் தனக்கொரு கோயில் வேண்டுமென்றும் விசுவநாதர் மன்னன் கனவில் உரைத்தார் என்பது ஒரு வடிவம். கோட்டையிலிருந்து சாரையாகச் செல்லும் எறும்புகளைப் பின்தொடர்ந்தால் அவை சென்று முடியுமிடத்தில் இலிங்கம் காணப்படும், அங்கே கோயில் எடுக்க வேண்டும் என்று பணித்தார் என்பது மற்றொரு வடிவம். இதே மன்னன் காசியிலிருந்து இலிங்கம் ஒன்றைக் கொணர்ந்தபோது அதைச் சுமந்த பசு வழியில் நின்றுவிட, அது நின்ற இடத்திலேயே இலிங்கம் நிறுவப்பட்டுச் சிவகாசி உருவானது என்பது சிவகாசித் தல மரபு.

1446-இல் தென்காசிக் கோயிற்பணி தொடங்கியது. உலகம்மன் உடனுறை விசுவநாதரின் திருமுன்கள் அமைந்தபின், 1457-ஆம் ஆண்டளவில் இராசகோபுரப் பணியை மன்னன் மேற்கொண்டான். அப்போது அவன் ஆட்சிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுமையை எட்டிய மன்னன், சுருங்கிய நாட்டின் வருவாயைக் கொண்டு ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தொடங்கியது துணிவு மிக்க செயல். அது தன் காலத்தில் முற்றுப்பெறாமல் போகலாம் என்பதை அவன் அறிந்திருந்தான் எனக் கொள்வதற்கு அவன் பாடல்கள் இடந்தருகின்றன. அவை பின்னர் நோக்கப்பெறும்.

5. ஃபிராய்டின் வழியில் ஒரு விளக்கம்

சிக்மண்டு ஃபிராய்டின் கனவுகளின் விளக்கம் என்னும் நூல் 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்னும் ஆண்டைத் தாங்கி நின்றது. கனவு என்பது அடக்கப்பட்ட விழைவு ஒன்றின் மாறுவேட நிறைவேற்றம் என்பது அந்நூலின் அடிப்படை. கனவின் வெளிப்படைப் பொருளுக்கும் மறைபொருளுக்கும் இடையே கனவுச் செயற்பாடு நிகழ்கிறது. பல கருத்துகளை ஒரே உருவில் அடக்கும் குறுக்கம், ஒன்றன்மீதான உணர்ச்சியை வேறொன்றன்மேல் ஏற்றும் இடப்பெயர்ச்சி, எண்ணத்தைக் காட்சியாக்குதல், கிடைத்த துண்டுகளைக் கோவையான கதையாக ஒழுங்குபடுத்தும் இரண்டாம்நிலைச் செப்பம் ஆகியன அதன் வழிமுறைகள்.

இவற்றைப் பராக்கிரமனின் கனவின்மேல் பொருத்தினால் கவர்ச்சியான ஒரு விளக்கம் பிறக்கிறது. கனவில் சிதைந்ததாகச் சொல்லப்படுவது காசி. மன்னனின் குலம் இழந்ததோ மதுரை. மதுரையின் இழப்பு குல மானத்தைச் சுடும் செய்தியாதலின் அது தன் பெயரோடு கனவில் நுழையாமல் தொலைவிலுள்ள காசியின் பெயரைப் பூண்டது எனலாம். தென்காசி என்னும் பெயரே குறுக்கத்திற்குச் சான்றாகும். வடக்கின் தூய நகரமும் தெற்கின் தலைநகர் வேட்கையும் அவ்வொரு சொல்லில் ஒன்றாகின்றன. கோயிலைக் கட்டு என்னும் இறைவனின் ஆணை, தலைநகரை மீட்க இயலாத மன்னனின் விழைவுக்கு மாற்று நிறைவு தருகிறது. இலிங்கம் காசியிலிருந்து புறப்பட்டுச் சிவகாசியில் நின்று, தென்காசி வேறொரு தோற்றக் கதையைப் பெற்றதும் இடப்பெயர்ச்சியின் தொடர்ச்சியாகத் தோன்றும்.

அரசரின் கனவை இவ்வாறு நோக்குவதற்கு ஃபிராய்டிடமே முன்மாதிரி உண்டு. தைர் நகரை முற்றுகையிட்டிருந்த அலெக்சாந்தர், கூத்தாடும் சாத்திரன் ஒருவனைக் கனவிற் கண்டான். கிரேக்க மொழியில் அப்பெயரைப் பிரித்தால் தைர் உன்னுடையது என்னும் பொருள் தோன்றும் என நிமித்திகன் விளக்கினான். ஆர்த்தெமிதோரசு குறித்துவைத்த இச்செய்தியை ஃபிராய்டு பாராட்டி எடுத்தாண்டார். நகரைக் கைப்பற்றும் வேட்கை சொல்விளையாட்டில் வெளிப்பட்டது என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

6. மெய்யியலார் எழுப்பிய தடைகள்

மேற்கண்ட விளக்கம் எத்துணை இசைவாகத் தோன்றினும் அது மெய்யென்று கொள்வதற்குத் தடைகள் பல உள. முதல் தடை ஃபிராய்டின் முறையிலிருந்தே எழுகிறது. கனவின் ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் கனவு கண்டவர் தம் மனத்தில் எழுவதைத் தடையின்றிச் சொல்ல வேண்டும்; அந்நினைவோட்டமே விளக்கத்தின் மூலப்பொருள். பராக்கிரமனிடம் எறும்பைப் பற்றியோ காசியைப் பற்றியோ வினவ வழியில்லை. நம்மை வந்தடைந்திருப்பது கனவு அன்று. கனவைப் பற்றிய கூற்று. அதுவும் தலைமுறைகளாகப் பலர் நாவில் செப்பமுற்றது. இரண்டாம்நிலைச் செப்பம் என ஃபிராய்டு ஒருவர் உள்ளத்தில் கண்ட செயற்பாடு இங்கு ஓர் ஊரின் நினைவில் நிகழ்ந்துள்ளது.

இரண்டாம் தடை விட்கென்சுடைன் எழுப்பியது. 1940-களில் ரஷ் ரீசுடன் நிகழ்த்திய உரையாடல்களில் அவர் ஃபிராய்டின் முறையை மதித்தும் மறுத்தும் பேசினார். மேசைமேல் கிடக்கும் பொருள்களில் எதிலிருந்து தொடங்கினாலும் நினைவோட்டம் நம் மனத்தை ஆட்கொண்டுள்ள கவலைக்கே நம்மைக் கொண்டுசேர்க்கும். அதனால் அப்பொருள்கள் அக்கவலையால் அங்கு வைக்கப்பட்டன என்று ஆகாது என்பது அவர் கருத்து. விளக்கம் நம்மைக் கவர்வதும் அது உண்மையாயிருப்பதும் வேறு வேறு என்றார் அவர். மதுரையின் இழப்பை அறிந்த ஆய்வாளர் காசியைக் கண்டதும் மதுரையை நினைப்பது இயல்பு. அந்நினைவோட்டம் ஆய்வாளருடையது, மன்னனுடையது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

மூன்றாவது, சான்றின் அளவைபற்றிய தடை. எந்நிகழ்வும் தன்னைப் பொய்ப்பிக்க இயலாதவாறு அமைந்த கொள்கை அறிவியல் ஆகாது என்பது கார்ல் பாப்பரின் வாதம். பராக்கிரமன் மதுரையைப் பற்றிக் கனவு கண்டிருந்தால் அதுவும் இழப்பின் சான்றாகும்; காணாவிடின் அடக்கப்பட்ட இழப்பின் சான்றாகும். இரு வழியிலும் வெல்லும் விளக்கம் எதையும் நிறுவுவதில்லை. அடால்ஃபு குரூன்பாம் 1984-இல் வெளியிட்ட நூலில் வேறொரு திசையிலிருந்து இதனை அணுகினார். உளப்பகுப்பாய்வு சோதனைக்கு உட்படக்கூடியதே. ஆனால் மருத்துவரின் குறிப்புணர்த்தல் நோயாளியின் நினைவுகளில் கலந்துவிடுவதால் அச்சான்றுகள் மாசுறுகின்றன என அவர் வாதிட்டார். இறந்த மன்னனின் வகையில் இக்கலப்பு இன்னும் முழுமையானது. மறுத்துரைக்க அவன் இல்லை.

இம்மண்ணின் இலக்கியமே இதனை விளக்கும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி, வசந்தவல்லியின் உள்ளத்து வேட்கையைக் குறியால் கண்டுரைக்கிறாள். கேட்பவள் எதிரே இருக்கிறாள். சினக்கவும் நாணவும் மறுக்கவும் அவளுக்கு வாய்ப்புண்டு. அவள் எதிர்வினையே குறியை உறுதிப்படுத்துகிறது. எதிரே ஆளின்றிச் சொல்லப்படும் குறிக்கு அவ்வுறுதி இல்லை.

7. மேலிருந்து வரும் கனவு

ஃபிராய்டு இவ்வெல்லையை அறியாதவர் அல்லர். 1619 நவம்பரில் ஓரிரவில் தெக்கார்த்து கண்ட மூன்று கனவுகளை விளக்குமாறு மக்சிம் லெருவா வேண்டியபோது, 1929-இல் எழுதிய விடையில் அவர் மிகுந்த தயக்கம் காட்டினார். கனவு கண்டவரிடம் வினவ முடியாத நிலையில் பயன் சிறிதே என்றார். மேலும் அவற்றை மேலிருந்து வரும் கனவுகள் என வகைப்படுத்தினார். விழிப்புநிலையிலும் எண்ணக்கூடிய கருத்துகளே அவற்றில் பெரும்பகுதியாக அமையும். உள்ளத்தின் ஆழத்திலிருந்து வருவது சிறுபகுதியே. அத்தகைய கனவுகளுக்குக் கனவு கண்டவர் தாமே தரும் விளக்கத்தை ஏற்பதே முறை என்பது அவர் முடிவு.

பராக்கிரமனின் கனவு இவ்வகையைச் சார்ந்தது. சைவ மரபில் பயின்ற மன்னன் ஒருவனுக்கு இறைவன் கனவில் கோயிலைப் பற்றி உரைப்பது முன்னரே அறிந்த வடிவம். பெரியபுராணத்தில் காடவர்கோன் கச்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அந்நாளில் பூசலாரின் கோயிலுக்குள் எழுந்தருள வேண்டியிருப்பதாக இறைவன் அவன் கனவில் உணர்த்தினார். பூசலாரின் கோயில் மனத்தில் எழுந்தது என்பதை மன்னன் பின்னரே அறிந்தான். தென்காசிக் கனவு மரபு இக்கதையின் அருகே வைத்து நோக்கத்தக்கது. இரண்டிலும் கனவு மன்னனின் முன்முயற்சியைப் பறித்து இறைவனிடம் சேர்க்கிறது. வேறுபாடும் உண்டு. காடவர்கோனுக்கு வந்த கனவு அவன் செருக்கைத் தணித்தது. பராக்கிரமனுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கனவு அவனுக்குப் பணியை அளித்தது.

சைவ சித்தாந்தமும் கனவை வெறும் மயக்கமாகத் தள்ளுவதில்லை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளை அது கொள்கிறது. நனவில் புருவநடுவில் முப்பத்தைந்து கருவிகளோடு நின்ற உயிர், கனவில் கண்டத்தில் இருபத்தைந்து கருவிகளோடு நிற்கும். கருவிகள் குறையினும் அறியும் உயிர் ஒன்றே. ஃபிராய்டின் கொள்கையில் கனவு காண்பவர் தம் விழைவைத் தம்மிடமிருந்தே மறைக்கிறார். சித்தாந்தத்தில் உயிர் தானே அறியும் ஆற்றலற்றது, அறிவிக்க அறிவது. ஆதலின் கனவில் வந்த ஆணை யாருடையது என்னும் வினாவுக்கு இரு கொள்கைகளும் வேறு வேறு விடை தரும். ஆய்வாளர் இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் மாறுவேடம் எனக் கொள்ளின், மன்னன் எவ்வுலகில் வாழ்ந்தானோ அவ்வுலகையே நீக்கிவிட்டு அவனைப் பற்றிப் பேசியவராவர்.

8. கல்லில் நிற்கும் பாடல்களும் எதிர்விழைவும்

இத்தடைகளை ஏற்றுக்கொண்டபின் மன்னன் உள்ளத்தை அறிய வழியே இல்லையோ எனின், உண்டு. கோயிலில் பொறிக்கப்பட்டு அவன் பெயரால் வழங்கும் பாடல்கள் அவ்வழியைக் காட்டுகின்றன. ஒரு பாடல், தென்காசிக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று வருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிவதாகக் கூறுகிறது. மற்றொரு பாடல், மனத்தாலும் வகுக்க எட்டாத அக்கோயிலை வகுப்பதற்கு முன்னின்று தன்னைப் பணிகொண்டவன் இறைவனே என்கிறது. அதனைக் காக்கும் பிற்கால வேந்தரின் அடிகளைத் தன் தலைமேல் தாங்குவதாகவும் உரைக்கிறது.

மெய்க்கீர்த்தியும் இப்பாடல்களும் ஒரே மன்னனைப் பற்றியவை. மெய்க்கீர்த்தியில் பகைவர் அவன் அடியில் வீழ்கின்றனர். பாடல்களில் அவன் இன்னும் பிறவாதவர் அடியில் வீழ்கிறான். அறம் காப்பவரின் அடியைத் தலைமேற் கொள்வதாகக் கூறுவது கல்வெட்டுகளில் பயின்றுவரும் மரபுதான். ஆனால் அது கொடையாவணத்தின் இறுதியில் ஒரு தொடராக வருவது. இங்கோ அதுவே பாடலின் முழுப்பொருளாய் விரிந்து, உலகறிய என்னும் அழுத்தத்தையும் பெறுகிறது. மரபுத்தொடர் தனிக்குரலாக மாறிய இடம் இது.

இவ்விரட்டை நிலையை விளக்கக் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) துணைநிற்கிறார். 1921-இல் அடக்கம் பற்றிய கருத்தாக்கத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தம் இல்லத்தில் நிறுவிய அவர், ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தும் அவர் கொள்கையை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு விழைவோடும் அதன் எதிர்விழைவு உள்ளத்தில் உடனுறைகிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்கும் விழைவோடு அடிபடும் விழைவும், ஆளும் விழைவோடு ஆளப்படும் விழைவும் உள. ஒன்று வெளிப்படும்போது மற்றொன்று மறைந்திருக்கும். மறைந்ததை வெளிக்கொணர்ந்து இரண்டையும் மாறிமாறி உணரச் செய்தலே அவர் கண்ட சிகிச்சை நெறி. கனவைப் பற்றி 1928-இல் அவர் வங்காளியில் ஒரு நூலும் எழுதினார். மேலைக் கொள்கையைப் பயின்ற ஒருவர் அதற்குள்ளிருந்தே மாறுபட முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

போஸின் கோட்பாட்டைப் பராக்கிரமனுக்குப் பொருத்தும்போது மறைபொருள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. இரு விழைவுகளும் எழுத்தில் கிடைக்கின்றன. வெல்லும் விழைவு மெய்க்கீர்த்தியிலும் பணியும் விழைவு பாடல்களிலும் வெளிப்படையாக நிற்கின்றன. கோயிலைக் கட்டுபவன் தானே கோயிலின் பொருட்டுக் கட்டப்பட்டவன் ஆகிறான். பணி கொள்பவன் பணிகொள்ளப்படுகிறான். ஆயினும் போஸ் கருதியதுபோல் இவற்றுள் ஒன்று அடக்கப்பட்டிருந்தது எனக் கூற இயலாது. தன் பணிவை உலகறிய அறிவித்தவனிடம் அடக்கத்தைத் தேடுவது பொருந்தாது. கோட்பாடு விழைவுகளின் இரட்டைத்தன்மையைக் காணத் துணைசெய்கிறது. நனவிலி பற்றிய அதன் எஞ்சிய பகுதியை இங்குச் சான்றுகள் தாங்கவில்லை.

பால் ரிக்கோர் 1965-இல் ஃபிராய்டைப் பற்றி எழுதிய நூலில் குறியீடு இரு திசைகளில் இயங்கும் என்றார். அது பின்னோக்கி இழந்ததையும் புதைந்ததையும் காட்டும்; முன்னோக்கி இனி ஆகவேண்டியதையும் காட்டும். ஃபிராய்டு முதல் திசையை மட்டும் வற்புறுத்தினார் என்பது அவர் திறனாய்வு. பராக்கிரமனின் பாடல்கள் முற்றிலும் இரண்டாம் திசையை நோக்கியவை. அவற்றில் மதுரை பேசப்படவில்லை, வருங்காலம் பேசப்படுகிறது. வடகாசிக் கோயில் சிதைந்தது என்னும் கனவுச் செய்தியையும் இவ்வொளியில் காணலாம். கோயில்கள் சிதையக் கூடியவை என்பதை அறிந்த தலைமுறையின் மன்னன், தன் கோயிலும் சிதையலாம் என்பதை உணர்ந்து அதற்கு முன்கூட்டியே மாற்றுத் தேடினான். அம்மாற்று மதிலோ படையோ அன்று. வருங்கால மாந்தரின் நல்லெண்ணம்.

9. மறைவும் கோபுரமும்

1463-இல் பராக்கிரமன் மறைந்தான். கோபுரம் அப்போது முற்றுப்பெறவில்லை. அவனுக்குப்பின் அரசேற்ற குலசேகர பாண்டியன் அதனை முடித்தான். பராக்கிரமனின் மறைவைப் பாடும் பாடல் ஒன்றும் வழங்குகிறது. அறுபத்து மூவர் கூட்டத்திலோ, கயிலையிலோ, பொன்னம்பலத்திலோ, வேதத்திலோ, சிவலோகத்திலோ, விசுவநாதரின் அடிகளிலோ, எங்குச் சென்று புகுந்தான் என அது வினவுகிறது. அப்பாடல் தேடும் இடங்களில் மதுரை இல்லை. இதனை அடக்கப்பட்ட இழப்பின் அடையாளம் என்றும் கூறலாம். இழப்பு ஆறிவிட்டதன் அடையாளம் என்றும் கூறலாம். இவ்விரண்டிற்கும் இடையே தீர்ப்பளிக்கும் சான்று பாடலில் இல்லை. பாடல் காட்டுவது ஒன்றே: அவனை அறிந்தோர் அவனை அடியார் வரிசையில் வைத்து எண்ணினர்.

பிற்பாண்டியர்க்குத் தென்காசி அரசிருக்கையாக நிலைத்தது. அம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதத்தோடு காசிகாண்டத்தையும் தமிழில் இயற்றினார். பராக்கிரமன் கல்லில் கொணர்ந்த காசியை அவர் செய்யுளில் கொணர்ந்தார். ஒருவரின் கனவாகத் தொடங்கியது ஒரு மரபின் இலக்கிய வேட்கையாகத் தொடர்ந்ததை இது காட்டும்.

மன்னன் அஞ்சியதும் நிகழ்ந்தது. பிற்காலத்தில் கோபுரம் சிதைவுற்று நெடுங்காலம் அந்நிலையிலேயே நின்றது. பின்னர் ஊராரும் கொடையாளரும் முயன்று, ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 178 அடி உயரத்தில் அதனை மீண்டும் எழுப்பி 1990-இல் குடமுழுக்கு நிகழ்த்தினர். வந்த குறையை நீக்குவோர் யாராயினும் என அவன் பாடல் விளித்தவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்து சேர்ந்தனர். அவர்கள் வேந்தர் அல்லர். அப்பாடலில் யாராயினும் என்னும் சொல் இருந்ததால் அவர்களும் அதற்குள் அடங்கினர்.

10. முடிவுரை

பராக்கிரம பாண்டியனின் கனவை இழந்த மதுரைக்கான விழைவாக விளக்குவது இயலும். ஆனால் அதனை நிறுவ இயலாது. கனவு கண்டவனின் நினைவோட்டம் கிடைக்காமையும், கனவுக் கதை மரபால் செப்பமுற்றிருப்பதும், எச்சான்றாலும் மறுக்கப்படாத தன்மையும் அவ்விளக்கத்தின் குறைகள். தெக்கார்த்தின் கனவுகளை விளக்க ஃபிராய்டு காட்டிய தயக்கம் இவ்வகையில் தமிழாய்வாளர்க்கு வழிகாட்டத்தக்கது. மன்னனின் பெயரால் நிற்கும் பாடல்கள், வெல்லும் விழைவும் பணியும் விழைவும் அவனிடம் உடனுறைந்ததைப் புலப்படுத்துகின்றன. போஸின் கோட்பாடு அதனைக் காணத் துணைசெய்கிறது. நனவிலியைப் பற்றிய ஊகமின்றியே அவ்விரட்டை நிலையைச் சான்றுகளால் காட்ட முடிகிறது.

தலவரலாறுகளில் பயிலும் பிற கனவுகளை ஆராய்வோர், கனவுக் கதையைத் தனியே எடுத்து விளக்குவதற்கு முன், அக்கனவோடு தொடர்புடையவரின் கல்வெட்டுகளையும் பாடல்களையும் அதனருகே வைத்து நோக்குதல் தகும். கனவு எதை மறைத்தது என்னும் வினாவுக்கு விடை கிடைக்காத இடங்களிலும், அவர் எதைக் கருதி அஞ்சினார், யாரை நம்பினார் என்னும் வினாக்களுக்குக் கல் விடை தரக்கூடும்.